ராம்நாடு ராமலிங்க விலாசம்: ராமேஸ்வரம் போறவங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க

ராமலிங்க விலாசம்னா நம்ம ராமநாதபுரத்துல சேதுபதி ராஜாக்கள் இருந்த பழைய அரண்மனை. நம்ம ஊர்க்காரங்கள்லயே முக்காவாசி பேரு உள்ள போயிருக்க மாட்டாங்க. அரண்மனை பக்கம் வந்து துணி எடுப்பாங்க, நகை பாப்பாங்க, அப்படியே கீழக்கரைக்கோ தேவிபட்டினத்துக்கோ பஸ் ஏறிருவாங்க. ராமேஸ்வரம் போற டூர் வேனுங்க பத்தி கேக்கவே வேணாம், நேரா பாம்பன் பாலம்தான்.

மைசூர் அரண்மனை மாதிரி நெனச்சு வந்தா ஏமாந்துருவீங்க, இது சின்னது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, கெட்டியான சுவரு, ஒசந்த மேடை, அவ்ளோதான். படி ஏறி உள்ள போனாத்தான் விஷயமே, தூணு தூணா ஒரு பெரிய மண்டபம், தூணுக்கும் தூணுக்கும் நடுவுல வளைவு, அதத் தாண்டுனா சின்ன மண்டபம், அதுக்கும் உள்ள ஒரு அறை. கோயில்ல மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறைன்னு போவோம்ல, அதே வரிசை. சாமி இருக்க வேண்டிய எடத்துல ராஜா இருந்திருக்காருன்னு வச்சுக்கங்க, தில்லுதான்.

கட்டுனது கிழவன் சேதுபதி, 1710 வரைக்கும் ஆண்டவரு. போகலூர்ல இருந்த தலைநகர இங்க கொண்டு வந்ததும் அவருதான். கீழக்கரை வள்ளல் சீதக்காதி இந்த வேலைக்கெல்லாம் கூட நின்னாருன்னு எங்க வாப்பா பெருமையா சொல்லுவாங்க.

ஆனா காசு குடுத்து பாக்க வேண்டியது சுவத்துல இருக்கற ஓவியம். அது அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துது, 1725 வாக்குல. செவப்புதான் தூக்கலா இருக்கு. ஒரு பக்கம் தஞ்சாவூர் மராட்டியரோட சண்டை, பீரங்கி, குதிரை, வரிசையா சிப்பாய்ங்க. இன்னொரு பக்கம் வெள்ளைக்காரங்க சேதுபதிய பாக்க வந்து நிக்கிறாங்க. மதுரை நாயக்கர் சேதுபதிக்கு ரத்தின அபிஷேகம் பண்றாரு, சேதுபதி ராஜராஜேஸ்வரி அம்மன் கையால செங்கோல் வாங்குறாரு, நடுவுல ராமாயணம் பாகவதம் வேற. அந்தப்புரக் காட்சியும் இருக்கு, பிள்ளைங்கள கூட்டிட்டு போறவங்க பதில் ரெடியா வச்சுக்கங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா இது அலங்காரத்துக்கு வரஞ்சது இல்ல, நான் யாரு, எனக்கு யாரு யாரு மரியாதை குடுத்தாங்கன்னு ராஜா தானே எழுதி வச்ச கணக்கு. தோத்த சண்டைய யாரு சுவத்துல வரைவா? அப்படி நெனச்சு பாருங்க, ஒவ்வொரு சுவரா நின்னு படிக்கத் தோணும்.

கட்டபொம்மன் வெள்ளைக்கார கலெக்டர் ஜாக்சனை பாத்ததும் இதே எடந்தான், 1798 செப்டம்பர் 10. பேச்சு தடிச்சு கைகலப்பாகி வெள்ளைக்காரங்க பக்கத்து லெப்டினன்ட் கிளார்க் கோட்டை வாசல்லயே செத்துப்போனாரு.

காலையில போங்க, ஓவியம் நின்னு பாக்க வெளிச்சம் வேணும். செல்ஃபிக்கு சுவத்துல சாயாதீங்கப்பா, முந்நூறு வருஷ சாயம் அது. டைம் இருந்தா அப்படியே கீழக்கரை நடுத்தெரு ஜும்மா பள்ளிக்கும் போயிட்டு வாங்க, சீதக்காதி அடக்கமாகி இருக்கறது அங்கதான், அங்கயும் கல்லுத்தூணு வேலைப்பாட நிதானமா பாருங்க. என் மார்க்கு அஞ்சுக்கு நாலரை.