குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் காட்டாமணக்கா, ஆமணக்கா, கிளுவையா?

வானம் பார்த்த மேட்டுக்காட்டில் காட்டாமணக்கு போடலாமா, ஆமணக்கு போடலாமா என்று கேட்டால் ஆமணக்கு என்பேன். வேலிக்கு எது என்று கேட்டால் கிளுவை. அதிலும் சேலம் மாவட்டத்து வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் மாதிரி குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் பக்கமாக இருந்தால் காட்டாமணக்கை வரப்பில்கூட ஏற்றாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

காட்டாமணக்கு, ஆமணக்கு, குச்சிக்கிழங்கு மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். காட்டாமணக்குக்குப் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். போர்ச்சுகீசியர் கப்பலேறி உலகம் சுற்றி வந்த செடி. இங்கே வேலியோரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்ததை 2003-ல் மத்திய திட்டக்குழு பயோடீசல் பயிர் என்று தூக்கி நிறுத்தியது. 2009-ல் வந்த தேசியக் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் உயிரி எரிபொருள் கலக்க வேண்டும் என்றது. தண்ணீரே வேண்டாம், தரிசிலும் காய்க்கும் என்று நம்பி நட்டவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. செடி சாகாது, அது உண்மைதான். ஆனால் சாகாமல் நிற்பது வேறு, காய்த்துக் காசு கொடுப்பது வேறு. தண்ணீரும் எருவும் இல்லாத இடத்தில் அது இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், அவ்வளவுதான்.

பறிப்புக் கூலியை யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். காட்டாமணக்குக் கொத்து ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள்: ஒரு காய் பச்சையாக இருக்கும், பக்கத்துக் காய் மஞ்சளாக, அதற்கடுத்தது கறுத்துக் காய்ந்து வெடிக்கத் தயாராக. பழுத்ததை மட்டும் ஆய்ந்து எடுக்க அதே செடிக்குத் திரும்பத் திரும்ப ஆள் விட வேண்டும். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று விதை, ஒரு கிலோ சேர ஆயிரத்துக்கு மேல் விதை வேண்டும், அப்படியென்றால் எத்தனை காய் பறிக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காம்பை ஒடித்தால் வடியும் பால் துணியில் பட்டால் கறை போகவே போகாது. இத்தனைக்கும் ஓரளவு காய்ப்பைப் பார்க்கவே மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஆமணக்கிலும் குலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முற்றும். ஆனால் குலையோடு அறுத்துக் களத்தில் காயப்போட்டு அடித்துவிடலாம். ஐந்தாறு மாதத்தில் கதை முடிந்தது, அடுத்த பட்டத்துக்குக் காடு காலி. காட்டாமணக்கு விதையில் எண்ணெய் முப்பது, முப்பத்தைந்து சதவீதம் என்றால் ஆமணக்கில் ஐம்பதை ஒட்டி வரும். வாங்க ஆளும் இருக்கிறது. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே வந்த ஒய்.ஆர்.சி.எச். 1 வீரிய ஒட்டு நம் மானாவாரிக்குப் பழகிய ரகம். நிலக்கடலைக்கு ஓரப்பயிராகப் போட்டால் இலையைத் தின்னும் புரோடீனியாப் புழு முதலில் ஆமணக்கு இலைக்குத்தான் போகும், அங்கேயே முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். காட்டாமணக்கு, ஆமணக்கு இரண்டின் புண்ணாக்கும் விஷம், மாட்டுக்கு ஆகாது, எருவுக்குத்தான். அதில் வித்தியாசம் இல்லை.

சரி, வேலிக்கு வருவோம். காட்டாமணக்கின் பலமே இதுதான். குச்சியை ஊன்றினால் துளிர்க்கும், ஆடு மாடு வாய் வைக்காது, சீக்கிரம் அடர்ந்துவிடும். கிளுவை மெதுவாகத்தான் வளரும், ஆடு அதன் தழையைக் கடிக்கும், முள் இருப்பதால் கவாத்து செய்வது கஷ்டம். இவ்வளவு குறை இருந்தும் நான் கிளுவைப் பக்கம் நிற்பதற்குக் காரணம் குச்சிக்கிழங்குதான். 2008-ல் கோவைப் பக்கம் தெரியவந்து அடுத்த ஓரிரு வருஷத்தில் மரவள்ளி, மல்பெரி, பப்பாளி எல்லாவற்றையும் வெளுக்க வைத்த பப்பாளி மாவுப்பூச்சிக்குக் காட்டாமணக்கும் பிடித்தமான செடி. அந்த மாவுப்பூச்சியைத் தின்னும் குளவியை 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது. தேமல் நோயும் அப்படித்தான். வெள்ளை ஈ பரப்பும் மரவள்ளித் தேமல் வைரஸுக்கு நெருங்கிய சொந்தமான வைரஸ் காட்டாமணக்கிலும் பதிவாகியிருக்கிறது. கிழங்கு பத்து மாதத்தில் காட்டை விட்டுப் போய்விடும், வேலி வருஷம் பூராவும் நிற்கும். பூச்சி தங்க நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. கிளுவை குடும்பமே வேறு, சாம்பிராணி மரத்தின் வகையறா.

வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் காட்டாமணக்கு வேண்டவே வேண்டாம். பருப்பு ருசியாக இருப்பதால் பிள்ளைகள் கடலை என்று தின்றுவிட்டு வாந்தி, பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருவதுதான். ஏற்கெனவே வேலியில் நிற்கிறது, பிடுங்க மனம் வரவில்லை என்றால் காய் பிடிக்கும் முன்பே கவாத்து செய்யுங்கள், துளிரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிந்தால் அந்தக் கிளையை அன்றைக்கே வெட்டிக் கொளுத்துங்கள். அப்புறம், மழைக்கு முன்பே கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, நெருக்கமாக நட்டு வையுங்கள். அது நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு பழைய வேலியை எடுக்கலாம்.