மூன்றாவது மணிக்கு அப்புறம் கதவு திறக்காது: ரங்க சங்கராவில் நாடகம்

பெங்களூருக்கு வந்து 9 வருடம் ஆகிறது. ஜே.பி. நகர் இரண்டாவது ஃபேஸில் இருக்கும் ரங்க சங்கராவில் 30 நாடகமாவது பார்த்திருப்பேன். முதல் தடவை போனபோது மட்டும் எதுவும் பார்க்கவில்லை. ஜெயதேவா சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டு 7.34-க்கு வாசலில் போய் நின்றேன். நாடகம் தொடங்கப் போவதைச் சொல்லும் மூன்றாவது மணி அடித்து, 7.30-க்கே கதவைச் சாத்திவிட்டார்கள். கையில் டிக்கெட் இருந்தது, கெஞ்சியும் பார்த்தேன். வாசலில் இருந்தவர் பொறுமையாக மறுத்தார். அன்று கோபத்தோடு வீட்டுக்குப் போனேன். இன்று எனக்கு இந்த அரங்கைப் பிடிப்பதற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்னால் இதே ஊரில் வேறொரு மண்டபத்தில் ஒரு நாடகம் பார்த்திருந்தேன். 6.30 என்று போட்டிருந்தார்கள். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து திரை விலகும்போது மணி 7.40. மைக் பாதி வசனத்தை விழுங்கியது. பின்னால் ஒருவர் போனில் வீட்டு வாடகை பேசிக்கொண்டிருந்தார். மேடையில் இருந்தவர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

ரங்க சங்கராவில் இதெல்லாம் கிடையாது. ஏறக்குறைய 300 பேர் உட்காரும் சின்ன அரங்கம். மேடை நம்மை நோக்கி நீண்டு வந்திருக்கும், இருக்கைகள் படிபடியாக மேலே ஏறும், முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. மால்குடி டேஸ் டிவி தொடரை இயக்கிய கன்னட சினிமா நடிகர் சங்கர் நாக் 1990-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். அவருடைய மனைவி அருந்ததி நாக் பல வருடம் பாடுபட்டு, அவர் பெயரால் 2004-இல் திறந்த இடம் இது. இந்த ஊர் ஆட்டோக்களின் பின்னால் இன்றும் சங்கர் நாக் படம் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

போன மார்கழியில் அப்பா வந்திருந்தார். வயது 76. புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. சினிமா தியேட்டருக்குக் கூட்டிப் போனால் சத்தம் தாங்காமல் காது மெஷினைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவார். அதனால் கொஞ்சம் பயத்தோடுதான் கன்னட நாடகத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். ஆளுக்கு 200 ரூபாய். மூன்றாவது வரிசை கிடைத்தது.

ஒரு தாத்தா, ஒரு பேத்தி, விற்கப் போகிற ஒரு தோட்டம், அவ்வளவுதான் கதை. மைக் இல்லை. தாத்தாவாக நடித்தவர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார். முழுப் பழத்தையும் உரித்து முடிக்கும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. அப்பா என் கையைத் தொட்டு, "வாசனை வருதும்மா" என்றார். எனக்கும் வந்தது. அந்தத் தோட்டம் போகப் போகிறது என்பது வசனத்தில் தெரிந்ததைவிட அந்த வாசனையில்தான் எனக்கு உறைத்தது. மெஷினை அப்பா கடைசிவரை கழற்றவில்லை.

மொழி புரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு திரும்பும்போது ஆட்டோவில் அப்பா தானாகக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே வந்தார்: பால்தான் ஹாலு, புலிதான் ஹுலி, பல்தான் ஹல்லு. நம்முடைய ப அவர்களிடம் ஹ ஆகிவிடுகிறது. அது பிடிபட்டால் பாதி வசனம் கைக்கு வந்துவிடும். மீதியை நடிப்பு சொல்லிவிடும். நான் கன்னடம் கற்றுக்கொண்டதே இங்கே உட்கார்ந்துதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் பொதுவாக மாலை 7.30, சனி ஞாயிறில் மதியம் 3.30-க்கும் ஒரு காட்சி இருக்கும். இருக்கை எண் கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் இடம். முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டி வந்தால் அரை மணி முன்னாலேயே வந்து கீழ் வரிசைகளில் இடம் பிடியுங்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு எனக்கு ஜெயதேவா நெரிசல் கவலை இல்லை. பி.டி.எம். லேஅவுட்டில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ராகிகுட்டா, அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம். சீக்கிரம் போனால் கீழே கேஃபேயில் ஜவ்வரிசி வடை சாப்பிடலாம். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் இழுக்கும்.

ஒரே ஒரு வருத்தம், அதுவும் நம் ஆட்கள் மேல்தான். இங்கே தமிழ் நாடகம் எப்போதாவதுதான் வரும். அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒன்று வந்தது. இத்தனை லட்சம் தமிழர்கள் இருக்கும் ஊரில் அன்றைக்கு வந்தவர்கள் 60 பேர் இருந்தால் அதிகம். ஆனால் நடித்தவர்கள் அரங்கம் நிறைந்திருந்தால் எப்படி நடிப்பார்களோ அப்படித்தான் நடித்தார்கள். முடிந்ததும் வேஷத்தைக் கலைக்காமலே வெளியே வந்து நின்றார்கள். அப்பா நேராகப் போய், கிழவி வேஷம் கட்டியிருந்த பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அவன் திண்டுக்கல் பக்கம் என்றான். அந்தப் பக்கத்துத் திருவிழா நாடகங்களைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கேஃபேயில் நாற்காலிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்த பிறகுதான் அப்பாவை அங்கிருந்து கிளப்ப முடிந்தது.