பழைய மியாட்டாவுக்கு எந்த ஃப்ளைவீல்: இருப்பதா, கடைந்ததா, குரோமாலியா, அலுமினியமா?

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 (1989 முதல் 1997 வரை வந்த, ஹெட்லைட் மேலெழும் மியாட்டா) வைத்திருப்பவர்களுக்கு கிளட்ச் மாற்றும் நேரத்தில் ஒரு சபலம் வரும். கியர்பாக்ஸ் எப்படியும் கீழே இறங்கப்போகிறது, அப்படியே ஃப்ளைவீலையும் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்; கிளட்ச் தட்டு உரசுவது இதன் முகத்தில்தான்) லேசானதாக மாற்றிவிடலாமே என்று. மாற்றலாம். எதைப் போடுவது என்பதில்தான் சிக்கல். விற்கிறவர்கள் கிலோவை மட்டும் சொல்கிறார்கள்; கிலோ பாதிக் கதைதான்.

கம்பெனி ஃப்ளைவீல் ஏறக்குறைய 8 கிலோ. அதையே லேத்தில் கடைந்தால் ஒன்றரை, இரண்டு கிலோ குறைக்கலாம். புதிதாக வாங்கும் குரோமாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) ஸ்டீல் ஃப்ளைவீல் 5 கிலோவை ஒட்டி வரும். அலுமினியம் 4 கிலோ அளவில் நிற்கும். அதில் கிளட்ச் தட்டு உரசும் இடத்துக்கு ஸ்டீல் வளையமும், ஸ்டார்ட்டர் பிடிக்க ஸ்டீல் ரிங் கியரும் தனியாக இருக்கும்.

குதிரைத்திறன் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃப்ளைவீல் பெட்ரோலிலிருந்து ஒரு துளி சக்தியையும் கூடுதலாக எடுக்காது. சக்கரத்தால் உருளையை வேகமேற்றி இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் எண் கொஞ்சம் கூடித் தெரியலாம். ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தி அளந்தால் அந்தக் கூடுதல் காணாமல் போய்விடும். மாறுவது வேறு: இன்ஜின் தன்னையே சுழற்றி வேகமேற்றிக்கொள்ளச் செலவழிக்கும் பங்கு குறைகிறது.

அந்தப் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 கிலோ குறைகிறது, அது மையத்திலிருந்து சராசரியாக 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்த எடை என்று வைத்துக்கொள்வோம். 1.6 லிட்டர் காரின் முதல் கியர் விகிதம் 3.136, டிஃபரன்ஷியல் 4.3. இரண்டையும் பெருக்கி, வர்க்கமாக்கி, டயரின் ஆரத்தையும் சேர்த்துப் பார்த்தால், முதல் கியரில் கார் 90 கிலோ இளைத்தது போன்ற பலன் வருகிறது. ஒரு டன்னுக்கும் குறைவான காரில் அது நன்றாகவே தெரியும். இரண்டாவது கியரில் 34 கிலோ, மூன்றாவதில் 17, நான்காவதில் 9, ஐந்தாவதில் 6. அதாவது நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் ஓவர்டேக் செய்யும்போது நீங்கள் உணர்வதாக நினைப்பது பெரும்பாலும் மனப்பிரமை. வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரைத் தட்டி இரண்டாவது கியருக்கு இறக்குகிறீர்களே, அங்கேதான் கொடுத்த காசுக்குப் பலன். தட்டியதும் ஊசி எழும்பும்.

இனி கிலோ ஏன் பாதிக் கதை என்பதற்கு வருகிறேன். விளிம்பில், 13 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கிலோ, 5 சென்டிமீட்டரில் இருக்கும் ஒரு கிலோவைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு சுழற்சித் தடை தரும். ஆகவே விளிம்பில் 2 கிலோ எடுத்த ஃப்ளைவீல், நடுவில் ஓட்டை போட்டு 4 கிலோ எடுத்ததைத் தோற்கடித்துவிடும். வாங்கும்போது இந்தச் சுழற்சித் தடை, அதாவது சுழற்சி நிலைமம், எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராத கடையில் படத்தையாவது பாருங்கள்: ஓட்டைகள் நடுவில் அலங்காரமாக இருக்கின்றனவா, வெளி ஓரம் உண்மையிலேயே மெலிந்திருக்கிறதா?

இந்தக் கணக்கைப் பார்த்தால் லேத்தில் கடைவதுதான் மலிவும் புத்திசாலித்தனமும் என்று தோன்றும். எனக்கு அது பிடிக்கவில்லை. விளிம்பில்தான் ரிங் கியரும், கிளட்ச் கவரின் போல்ட்களும் உட்காருகின்றன. தாராளமாகக் கடைய அங்கே இடமில்லை. மிஞ்சியது பின்பக்கம். முப்பது வருடம் சூடேறி ஆறிய உலோகத்தை அங்கே மெலிதாக்கி, 7000 ஆர்பிஎம்மை ஒட்டிச் சுழற்றுகிறோம். அது வெடித்தால் தன்னையும் கிளட்சையும் மூடியிருக்கும் கூடான பெல்ஹவுசிங்கையும் அதன் மேலிருக்கும் தரையையும் கிழித்துக்கொண்டு வரும். உட்கார்ந்திருப்பவரின் கால்கள் அங்கேதான் இருக்கின்றன. கடைந்து, விரிசல் சோதித்து, பேலன்ஸ் செய்து தரும் நல்ல ரேஸிங் பட்டறை இருந்தால் சரி. இல்லையென்றால் எஸ்எஃப்ஐ 1.1 (ரேஸிங் பாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) சான்றுள்ள புதிய ஃப்ளைவீல் வாங்குவதே மேல்.

அடுத்து அலுமினியம். சூடு தாங்காது என்பது இதன் மேல் சொல்லப்படும் பழி. அது அவ்வளவு நியாயமில்லை. ஒரே எடைக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். எனவே 4 கிலோ அலுமினியமும் 8 கிலோ இரும்பும் வெப்பக் கணக்கில் வெகுதூரத்தில் இல்லை. உண்மையில் இந்தக் கணக்கில் பின்தங்குவது 5 கிலோ குரோமாலிதான். அலுமினியத்தின் பலவீனம் வேறிடத்தில்: சூடேறினால் ஸ்டீலைப்போல் இரு மடங்கு விரியும். மெல்லிய ஸ்டீல் வளையத்தை அதோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ட்ராக்கில் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் எடுத்தால் வளையம் நெளியக்கூடும். நெளிந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம், ஆனால் அதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். குரோமாலி ஒரே துண்டு. அந்தத் தொல்லை இல்லை.

ஊருக்குள் ஓட்டுவதில்தான் கனமான கம்பெனி ஃப்ளைவீலின் அருமை தெரியும். கரும்புச்சாறு மிஷினின் பக்கத்தில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் சுற்றுமே, கரும்பில் கணு வந்தாலும் நிற்காமல் தள்ளிவிடுவது அதுதான். நான்கு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. இடைவெளியை நிரப்புவது ஃப்ளைவீல். லேசாக்கினால் ஐடிலில் கியர்பாக்ஸிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். பழுதில்லை, ஆனால் எரிச்சல். ஏசி கம்ப்ரஸர் சேரும் நொடியில் ஆர்பிஎம் சரியும். ஐடில் வால்வு அழுக்காக இருந்தால் சிக்னலில் இன்ஜின் அணைந்தே போகும். மேட்டில் காரைக் கிளப்ப கால் கொஞ்சம் பழக வேண்டும். இன்னொன்று: 6000-இல் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போனால் இன்ஜின் 3600-க்கு இறங்க வேண்டும். லேசான ஃப்ளைவீலில் அது சட்டென்று இறங்கும். வேகமாக மாற்றுபவருக்கு வரம். சாவகாசமாக மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் குலுக்கல் வாங்குவார்.

1995-இல் ஜப்பானில் 1.8 ரோட்ஸ்டரை (மியாட்டாவுக்கு அங்கே அதுதான் பெயர்) திருத்தியபோது மாஸ்டாவே ஃப்ளைவீலை லேசாக்கியது. கூடவே டிஃபரன்ஷியல் விகிதத்தை 4.1-இலிருந்து 4.3-க்கு மாற்றியது. குறைப்பது தவறில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் கம்பெனிக்காரன் பாதியாக வெட்டவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை, மற்ற நாளில் அலுவலகம் என்று ஓடும் காருக்கு என் ஓட்டு குரோமாலிக்கு. நடுவில் ஸ்பிரிங் உள்ள கிளட்ச் தட்டோடு சேர்த்துப் போட வேண்டும். லேசான ஃப்ளைவீலோடு ஸ்பிரிங் இல்லாத தட்டையும் போட்டால் சத்தம் இரட்டிப்பாகும். ட்ராக்குக்கு மட்டும் என்றால் அலுமினியம். ஏசி போட்டு நெரிசலில் ஊர்ந்துதான் தினமும் ஓட்டம் என்றால், இருப்பதையே கிளட்ச் உரசும் முகத்தை மட்டும் லேசாகச் சீவிப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 1.6 வைத்திருப்பவர்கள் 1.8-இன் ஃப்ளைவீலையும் 215 மில்லிமீட்டர் கிளட்சையும் போடலாம், நேராகப் பொருந்தும். 1.6-இன் சொந்தக் கிளட்ச் 200 மில்லிமீட்டர்தான்.

வேலை என்னவோ நான்கிற்கும் ஒன்றுதான். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைக் கழற்ற வேண்டும், பெல்ஹவுசிங்கின் மேல் போல்ட்களோடு மல்லுக்கட்ட வேண்டும். பின் கிராங்க் ஆயில் சீல், பைலட் பேரிங், இந்தக் காரில் ஒழுகுவதற்குப் பேர்போன கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், மூன்றையும் கையோடு மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீலின் ஆறு போல்ட்களுக்கும் மரையில் சீலன்ட் தடவி, குறுக்குக் குறுக்காக, சுமார் 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். சீலன்ட் மறந்தால் புதுக் கிளட்சில் ஆயில் இறங்கும்.