வெஜ் பௌல் என்று எழுதிப் போட்டு, அம்மாவுக்குப் பன்றிக்கொழுப்பில் வெந்த பீன்ஸைக் கொடுத்தார்கள்

அமெரிக்காவில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்து வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். ஒன்றல்ல, ஐந்து வெள்ளிக்கிழமை நாங்கள் ஏமாந்திருக்கிறோம்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். அம்மா வந்து மூன்று மாதம் ஆகிறது. அவருக்குச் சொந்த ஊர் வடலூர். 1867-ல் வள்ளலார் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிற ஊர். விசேஷ நாட்களில் அந்தச் சாலைக்குக் காய் நறுக்கிக் கொடுக்கப் போவார். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொட மாட்டார். சாதிக் கட்டுப்பாட்டுக்காக இல்லை; ஓர் உயிரைக் கொன்று நாம் வயிறு நிறையக் கூடாது என்று சின்ன வயதில் எடுத்த முடிவு, அறுபது வருஷமாகக் காத்து வந்திருக்கிறார்.

வெளியே போனால் அவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பீட்சா பிடிக்கவில்லை, பர்கர் கடைக்குள் வாடையே ஆகவில்லை. கடைசியில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மெக்சிகன் செயின் உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். உங்களில் பலருக்கு இந்தக் கடைகளின் முறை தெரிந்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தட்டுகள், நாம் கைகாட்டக் காட்ட நம் கண்ணெதிரே அள்ளிப் போடுவார்கள். சோறு, பீன்ஸ், வதக்கிய குடமிளகாய் வெங்காயம், தக்காளி சல்சா, அவகாடோ. எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது, மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா முதல் வாய் சாப்பிட்டதுமே, "நம்ம தட்டப்பயறு குழம்பு மாதிரியே இருக்குடி" என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதி. அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கேதான்.

முதல் நாளே கேட்டேன். "இது வெஜிடேரியன்தானே?" கவுன்டரில் இருந்த பையன் தலை நிமிராமல் "யெஸ்" என்றான். மேலே பலகையிலும் 'வெஜ் பௌல்' என்று எழுதி, பக்கத்தில் பச்சை இலை வரைந்திருந்தது. நம் ஊரில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, அந்த இலையையும் அப்படியே எடுத்துக்கொண்டது. இந்தியாவில் அந்தப் புள்ளிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. இங்கே வெஜிடேரியன் என்ற சொல்லுக்கு எஃப்.டி.ஏ. என்கிற உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சட்டப்படி ஒரு வரையறையே வைக்கவில்லை. அந்த இலை கடைக்காரர்கள் தாங்களாகவே வரைந்துகொண்டது. இது எனக்கு அப்போது தெரியாது.

ஆறாவது வெள்ளிக்கிழமை. வழக்கமான பையன் இல்லை, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள் நின்றிருந்தார். குடமிளகாய்த் தட்டில் ஒரு கோழித்துண்டு விழுந்து கிடந்ததை அம்மா கைகாட்டினார். அவர் உடனே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொண்டு, உள்ளே போய்ப் புதுத் தட்டு எடுத்து வந்தார். அப்புறம் பீன்ஸ் கரண்டியைத் தூக்கியவர், அப்படியே நின்றுவிட்டார். அம்மாவின் புடவையைப் பார்த்தார், நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "சென்யோரா, நோ மீட்?" என்றார். எப்போதுமே சாப்பிடுவதில்லை என்றேன். கரண்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேல் எட்டிக் குனிந்து மெதுவாக, "பீன்ஸ்... மன்டேகா" என்றார். எனக்குப் புரியவில்லை. தன் இடுப்புச் சதையை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டி, "பிக்" என்றார். பன்றிக்கொழுப்பு.

அந்த ஒரு சொல் அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்க் காரருகே நின்றுகொண்டார்.

நான் மேலாளரைக் கூப்பிட்டேன். இளைஞர்தான், மரியாதையாகத்தான் பேசினார். ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்களிடம் எல்லாத் தகவலும் வெளிப்படையாக இருக்கிறது என்று ஒரு பட்டியலைக் காட்டினார். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கொட்டை வகைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள் என்று ஒன்பது கட்டங்கள். இது ஒவ்வாமைப் பட்டியல். அமெரிக்கச் சட்டத்தில் பாக்கெட் உணவுக்கென்று இருக்கிற ஒன்பது பொருள்கள். எள்ளை 2023-ல்தான் சேர்த்தார்கள். அதில் பன்றிக்கு ஏது கட்டம்? பீன்ஸுக்கு நேரே எல்லாக் கட்டமும் காலி. பார்க்கிறவர்களுக்கு சுத்தமான பயறு. பலகையிலும் அப்படித்தான். இருபது கிளையோ அதற்கு மேலோ உள்ள செயின்கள் 2018 மே மாதத்திலிருந்து கலோரி எண்ணை எழுதியே ஆக வேண்டும், எழுதியிருக்கிறார்கள். அந்தக் கலோரி எந்தக் கொழுப்பிலிருந்து வருகிறது என்று எழுத வேண்டியதில்லை.

சோறாவது பரவாயில்லையா என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது கோழிச்சாறு சேர்த்து வேக வைப்பது என்றார். ஆக, அம்மா ஐந்து வாரம் சாப்பிட்ட சோறும் போச்சு, பயறும் போச்சு. பலகையில் இலை போட்டிருக்கிறீர்களே என்றதற்கு அவர் சொன்ன பதிலை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது: "வெஜ் என்றால் மேலே இறைச்சி வைக்க மாட்டோம் என்று அர்த்தம்." அன்றைய பில் பணத்தைத் திருப்பித் தந்தார். கூடவே இரண்டு இலவசச் சாப்பாட்டுக் கூப்பன். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

எல்லா மெக்சிகன் கடையும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பீன்ஸைத் தாவர எண்ணெயில் செய்கிற செயின்கள் இருக்கின்றன, அதை இணையதளத்தில் தெளிவாகவும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சமையலின் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் மெக்சிகோவில் பன்றியே கிடையாது. அந்த மக்கள் பீன்ஸையும் சோளத்தையும் அது இல்லாமலேதான் காலங்காலமாகச் சமைத்தார்கள். பன்றிக்கொழுப்பு பின்னால் வந்து பழக்கமாகிப்போனது. அவர்கள் வீட்டுச் சாப்பாடு அவர்களுக்கு. கேட்டவரிடம் உண்மையைச் சொல்லாததுதான் என் வழக்கு.

அதனால், "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் யெஸ் என்றுதான் சொல்வார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. பீன்ஸில் லார்ட் (பன்றிக்கொழுப்பு) இருக்கிறதா, சோற்றில் சிக்கன் ஸ்டாக் (கோழிச்சாறு) இருக்கிறதா என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். குறிப்பாக ரீஃப்ரைட் பீன்ஸ் என்ற மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். கடையில் டப்பாவில் வாங்கினாலும் 'டிரெடிஷனல்' என்று போட்டிருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள், லார்ட் இருக்கலாம். டார்ட்டியா என்பது அவர்கள் ரொட்டி; கோதுமை டார்ட்டியாவிலும் சில இடங்களில் சேர்ப்பார்கள். மக்காச்சோள டார்ட்டியா பொதுவாகப் பயமில்லை, அது சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்துச் சுடுவது. மக்காச்சோள மாவில் செய்கிற டமாலே வேண்டவே வேண்டாம், அந்த மாவைப் பிசைவதே பெரும்பாலும் கொழுப்பு போட்டுத்தான். கவுன்டரில் ஸ்பானிஷ் பேசுகிறவர் இருந்தால் "ஸின் மன்டேகா, ஸின் கால்டோ தே போயோ" என்று சொல்லிப் பாருங்கள். கொழுப்பும் கோழிச்சாறும் வேண்டாம் என்று பொருள். அந்தச் சொற்களைக் கேட்டதும் முகம் மாறி, ஒரு நிமிஷம் நின்று யோசித்துப் பதில் சொல்வார்கள்.

எந்தக் கிளை என்று பலர் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அந்த அம்மாளின் வேலைக்கு ஆபத்து வரும். கம்பெனி தலைமைக்கு எழுதியிருக்கிறேன், பலகையிலிருந்து இலையை எடுங்கள் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. நேற்று அந்த வழியாகப் போனபோது காரை நிறுத்திப் பார்த்தேன், இலை அப்படியேதான் இருந்தது.

அம்மா இப்போது வெளியே எங்கேயும் சாப்பிடுவதில்லை. எங்கே கிளம்பினாலும் ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொள்கிறார். ஒருமுறை மட்டும் கேட்டார், "அந்தப் பொம்பளை சொல்லலேன்னா இன்னும் எத்தனை வாரம்டி சாப்பிட்டிருப்பேன்?"