மைக் ஜாக்கா, யூஎஸ்பி மைக்கா, ஆடியோ இன்டர்ஃபேஸா?

வீடியோ எடிட்டிங் பழகுகிறவர்கள் எந்த மைக் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் குரல் கம்ப்யூட்டருக்குள் எந்த வழியாகப் போகப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மைக்கை அப்புறம் பார்க்கலாம்.

லேப்டாப்பின் 3.5 மி.மீ. ஜாக்கில் நேராகச் செருகுவது செலவில்லாத வழி. ஆனால் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளை என்றால், மூன்று கறுப்பு வளையம் உள்ள பிளக்தான் அதற்குப் பொருந்தும். கேமராவுக்கென்று வாங்கிய காலர் மைக்கில் பெரும்பாலும் இரண்டு வளையம்தான். அப்படியே செருகி அரை மணி நேரம் பேசினேன். பதிவானது முழுக்க லேப்டாப்பின் சொந்த மைக்கில், ஃபேன் சத்தத்தோடு. சின்ன அடாப்டர் போட்டால் இது தீரும். சார்ஜர் போட்டதும் பல லேப்டாப்களில் கிளம்பும் 'உம்ம்' இரைச்சல் அடாப்டரால் தீராது. அவசரத்துக்கு மட்டும் இந்த வழி போதும்.

யூஎஸ்பி மைக், குரலைத் தானே டிஜிட்டலாக்கி அனுப்பிவிடும். லேப்டாப்பின் ஒலிச் சுற்றுக்கு அதில் வேலையே இல்லை. தனியாக உட்கார்ந்து வாய்ஸ் ஓவர் பேசுகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். வீடியோவுக்கு வழக்கமான சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது, 48 கிலோஹெர்ட்ஸ். மைக், ரெக்கார்டிங், டைம்லைன் மூன்றையும் அதிலேயே வையுங்கள். இரண்டு பேர் பேச வேண்டும் என்றால்தான் சிக்கல். இரண்டு யூஎஸ்பி மைக்குக்கும் தனித்தனிக் கடிகாரம். நீளமான பேட்டியில் இரண்டு குரலும் மெல்ல மெல்ல விலகிப் போகும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி. மைக்கின் ஒலியை டிஜிட்டலாக்கி அனுப்புவது அதன் வேலை. அதன் அருமை அங்கேதான் தெரியும். மைக்கை இந்தப் பெட்டியோடு இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் நேரெதிராகப் போகிறது. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல், பெட்டிக்குள் வரும்போது ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் கேபிள் பத்து மீட்டர் போனாலும் கவலையில்லை. வெளியிலிருந்து மின்சாரம் வேண்டிய கண்டென்சர் மைக் என்றால் பெட்டியில் உள்ள 48 வோல்ட் பட்டனை அழுத்த மறக்காதீர்கள். மறந்தால் சத்தமே வராது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. இரண்டு உள்ளீடு உள்ள பெட்டியில் ஒவ்வொரு குரலையும் தனி டிராக்கில் பதியலாம். விருந்தினர் பேசும்போது கேள்வி கேட்டவர் இருமினாரா? அவர் டிராக்கில் அந்த இடத்தை அமர்த்தினால் இருமல் பெரும்பாலும் போய்விடும். விருந்தினரின் பேச்சில் கை வைக்க வேண்டாம். அடிக்கடி பேட்டி எடுப்பவர் கூடுதல் காசு கொடுத்தாவது இதையே வாங்கலாம்.

கேட்பதற்கு ஒயர் ஹெட்போன்தான் என் முடிவு. புளூடூத்தில் ஒலி 200 மில்லி செகண்ட் வரை தாமதமாகலாம். 25 ஃபிரேம் வீடியோவில் அது ஐந்து ஃபிரேம். அதை நம்பி நீங்கள் குரலை முன்னால் நகர்த்திவிட்டால், பார்ப்பவருக்கு உதடு அசையும் முன்பே பேச்சு வந்துவிடும். சந்தேகமாக இருந்தால், 'அம்மா' போன்ற சொல் வரும் இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். உதடு மூடும் ஃபிரேமில்தான் அந்த 'ம்' விழ வேண்டும்.