கம்மி பட்ஜெட்ல முதல் ரிகர்வ் வில்: சேஜ் நல்ல சாய்ஸ், ஆனா 25 பவுண்டுல வாங்குங்க

ஆர்ச்சரி ஆரம்பிக்கணும், ரொம்ப செலவு பண்ண முடியாதுன்னு யார் கேட்டாலும் நான் சொல்றது சாமிக் சேஜ்தான். கொரியா கம்பெனியோட ரிகர்வ் வில்லு, அதாவது ரெண்டு நுனியும் முன்பக்கமா வளைஞ்ச வில்லு. இப்ப இங்க அமெரிக்காவுல அதே மாடல் கேலக்ஸி சேஜ்ங்கிற பேர்ல வருது, விலை சுமாரா 150 டாலர் பக்கம், கடைக்குக் கடை கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். என்கிட்ட இருக்கிறது பழைய சாமிக் பேர் போட்டது, இன்னும் ஜம்முனு இருக்கு.

62 இன்ச் டேக்டவுன் வில்லு இது, அதாவது மூணு பாகமா கழட்டி மாட்டுறது. நடுவுல பிடிக்கிற பாகம் மரத்துல பண்ண ரைசர், வெளிர் கலரும் அடர் கலரும் பட்டை பட்டையா ஒட்டி இழைச்சிருப்பாங்க, கைக்கு வழவழன்னு நல்லா உக்காரும். மேலயும் கீழயும் வளையுற பட்டையா ரெண்டு லிம்ப், கையாலயே திருகுற போல்ட், அலன் கீ எதுவும் தேவையில்ல. கழட்டி ஒரு சின்ன பையில போட்டுக்கிட்டு பஸ்லகூட போயிடலாம். அப்புறமா சைட் (குறிபாக்குற கருவி), ஸ்டெபிலைசர் (வில்லு ஆடாம இருக்க வைக்கிற கம்பி) எல்லாம் மாட்டணும்னா அதுக்கான ஓட்டையும் பித்தளை புஷிங் போட்டு ரெடியா இருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். சேஜ் 25 பவுண்டுல இருந்து 60 பவுண்டு வரைக்கும் கிடைக்குது. பவுண்டுன்னா வில்லோட எடை இல்ல, நாணை இழுக்க எவ்வளவு பலம் வேணும்ங்கிற கணக்கு. முதல் தடவை வாங்குறவங்க 25 எடுங்க, ஜிம் போற ஆளா இருந்தாலும் 25தான். நான் வாங்கப் போன கடையில சேல்ஸ்மேன் 40 பவுண்டு எடுங்க சார், வேட்டைக்கும் ஆகும், 25 எல்லாம் சீக்கிரம் பத்தாமப் போயிடும்னு ஒரே பிடியா நின்னாரு, இங்க நிறைய ஸ்டேட்ல மான் வேட்டைக்கு குறைஞ்சபட்ச பவுண்டு ரூல் இருக்கிறதால இப்படி சொல்லியே பழகிட்டாங்க போல, ஆனா வேட்டை எண்ணமே இல்லாம குறிபாக்கக் கத்துக்க வந்தவன்கிட்ட 40 பவுண்டை தள்ளுறது ரொம்ப தப்பு. வில்லை இழுக்குறது பைசெப்ஸ் வேலை இல்ல, முதுகுல தோள்பட்டைக்கு நடுவுல இருக்கிற தசை வேலை, அது பழக மாசக்கணக்குல ஆகும். பவுண்டு அதிகமானா கை நடுங்கும், முழுசா இழுக்குறதுக்கு முன்னாடியே விட்டுடுவோம், தோள் மேல ஏறிக்கும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் அதை மாத்த கோச்சுக்கே தாவு தீந்துடும்.

லிம்ப்ல எழுதியிருக்கிற பவுண்டு 28 இன்ச் இழுத்தா வர்ற கணக்கு. ஒரு இன்ச் குறைஞ்சா தோராயமா 2 பவுண்டு குறையும், கூடினா கூடும். ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சு விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து 2.5 ஆல வகுத்தா உங்க டிரா லெங்த், அதாவது நீங்க நாணை இழுக்குற தூரம், கிட்டத்தட்ட வந்துடும். உதாரணமா 65 இன்ச் விரிப்புன்னா 26, அப்ப 25 பவுண்டு லிம்ப் உங்க கையில 21 தான். பழகினதும் 30, 35 லிம்ப் மட்டும் தனியா வாங்கி அதே ரைசர்ல மாட்டிக்கலாம், புது வில்லே வாங்க வேண்டாம். சேஜை நான் இவ்வளவு சொல்றதுக்கு காரணமே இதுதான்.

குறை இல்லாம இல்ல. உயரமானவங்களுக்கு, டிரா லெங்த் 29ஐ தாண்டுறவங்களுக்கு 62 இன்ச் குட்டை. முழுசா இழுக்கும்போது நாண் ரொம்ப கூர்மையா மடங்கி விரலைப் போட்டு கடிக்கும். அவங்க 66, 68 இன்ச் வில்லா பாருங்க. அதே மாதிரி ஒலிம்பிக் ஸ்டைல்ல 70 மீட்டர் அடிக்கணும்னு தீர்மானமா இருந்தா, கொஞ்சம் பொறுத்து காசு சேத்து ஐஎல்எஃப் (லிம்ப் மாட்டுறதுக்கான பொதுவான ஸ்டாண்டர்டு) ரைசரா வாங்குறது புத்திசாலித்தனம், அதுல எந்த கம்பெனி ஐஎல்எஃப் லிம்பும் பொருந்தும், சேஜ்ல அது பொருந்தாது.

பெட்டியில வில்லும் நாணும்தான் வரும். ஸ்ட்ரிங்கர் (நாணேத்த உதவுற கயிறு), நாண் பிடிக்கிற விரலைக் காக்குற டேப் (tab), ஆர்ம் கார்டு (முழங்கைக்கு கீழ நாண் படாம காக்குறது), வில்லுல ஒட்டுற ரெஸ்ட் (அம்பு வைக்கிற தாங்கி), அம்புன்னு தனியா காசு எடுத்து வைங்க. ஸ்ட்ரிங்கர் இல்லாம காலுக்கு நடுவுல விட்டு வளைச்சு நாணேத்துறதை வீடியோல பாத்து செய்யாதீங்க, லிம்ப் முறுக்கிக்கும். அம்புக்கு ஆரம்பத்துல அலுமினியமே போதும், 1716ன்னு போட்டிருந்தா வெளி விட்டம் 17/64 இன்ச், குழாய் கனம் 0.016 இன்ச்னு அர்த்தம். வில்லோட பவுண்டுக்கும் அம்போட நீளத்துக்கும் ஏத்த நம்பரை சார்ட் பாத்து எடுங்க. ரொம்ப விறைப்பான அம்பு வாங்கிட்டு வலது கைக்காரங்க எல்லாம் இடது பக்கமே போகுதுன்னு மண்டையை உடைச்சுக்குவாங்க.

புதுசுல விடும்போது டப்புனு சத்தமும் கையில அதிர்வும் வந்தா பயப்படாதீங்க. பிடியோட ஆழமான இடத்துல இருந்து நாண் வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க, 7.5ல இருந்து 8.25 இன்ச்சுக்குள்ள இருக்கணும். புது நாண் கொஞ்சம் இழுத்துக் குடுத்து இந்த அளவு குறைஞ்சிடும். கழட்டி நாலஞ்சு சுத்து முறுக்கி மறுபடி மாட்டி விட்டுப் பாருங்க, சத்தம் அடங்குறது காதுக்கே தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க நாணேத்தி வில்லை நிமித்திப் பிடிச்சு நாண் பக்கத்துல இருந்து பாருங்க. நாண் ரெண்டு லிம்புக்கும் நட்டநடுவுல போகணும், ஒரு பக்கமா ஒதுங்கினா முறுக்கின லிம்ப். அப்புறம் கொஞ்சம் பஞ்சு எடுத்து லிம்ப் ஓரமா மெல்ல தடவிட்டே போங்க, எங்கயாவது நூல் மாதிரி மாட்டுச்சுன்னா அங்க விரிசலோ சிராய்ப்போ இருக்கு, எவ்வளவு சீப்பா குடுத்தாலும் வேணாம். அம்பில்லாம சும்மா இழுத்து விட்ட வில்லு நிறைய இப்படித்தான் போயிருக்கும்.

குழந்தைங்களுக்குன்னா இந்த 25ஏ ஜாஸ்தி. பக்கத்துல ஜோட் (JOAD, இங்க பிள்ளைங்களுக்கு ஆர்ச்சரி சொல்லிக் குடுக்கிற திட்டம்) கிளப் இருக்கான்னு பாருங்க, நிறைய இடத்துல 15 பவுண்டு மாதிரி லேசான வில்லு கிளப்பே குடுக்கும், பிள்ளை வளர்ற வரைக்கும் சொந்தமா வாங்கவே தேவையில்ல.