கேம் பாஸ் சந்தா: கொடி விழுந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு

திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ராத்திரியெல்லாம் அமெரிக்க பையர்களோடு பேசிப் பேசியே என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக் பழக்கமாகிவிட்டது. 2023 முதல் அதைப் பார்ப்பதற்கான கேம் பாஸ் சந்தா நமக்கு டாஸோன் செயலி வழியாக வருகிறது. எல்லா ஆட்டமும் நேரலை, பல ஆட்டங்களின் முக்கியக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ரெட்ஸோன், முடிந்த ஆட்டங்களின் முழுப் பதிவு, 40 நிமிடத் தொகுப்பு என எல்லாம் உண்டு. ஞாயிறு ஆட்டங்கள் நம் நேரத்துக்கு ராத்திரி 10.30 மணிக்குத் தொடங்கும். நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் 11.30 ஆகிவிடும்.

நான் பணம் கட்டுவது முழுப் பதிவுக்காக. பந்தெறியும் குவாட்டர்பேக்கைத் தொட்டதற்கு நடுவரின் ஃபவுல் கொடி விழுந்தால் பின்னால் ஓட்டி, நிறுத்தி, மறுபடி பார்க்க வேண்டும் எனக்கு. பக்கத்தில் என் மாமா உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அவர் கோபிச்செட்டிபாளையத்தில் கபடி நடுவர். எப்போதும் விசில் ஊதுகிறவர் பக்கம்தான் பேசுவார்.

நாங்கள் இன்றுவரை முடிக்காத சண்டை 2022 அக்டோபர் 10 அன்று நடந்த சீஃப்ஸ்–ரெய்டர்ஸ் ஆட்டம். அப்போது சந்தா வேறு செயலியில் இருந்தது. சீஃப்ஸின் தடுப்பாட்டக்காரர் கிறிஸ் ஜோன்ஸ் பின்னாலிருந்து வந்து ரெய்டர்ஸ் குவாட்டர்பேக் டெரெக் காரின் கையிலிருந்த பந்தையே பறித்துவிட்டார். விழும்போது ஒரு கையை ஊன்றித் தன் எடையைத் தாங்கவும் பார்த்தார். பந்து அவரிடம்தான் இருந்தது. ஆனாலும் நடுவர் கார்ல் ஷெஃபர்ஸ் கொடியை வீசினார். முழு எடையோடு மேலே விழுந்தார் என்பது குற்றச்சாட்டு. ரஃபிங் தி பாஸர், அதாவது பந்தெறிபவரை முரட்டுத்தனமாகத் தாக்குவது என்றால் தண்டனை 15 கெஜம், கூடவே புது ஃபர்ஸ்ட் டவுன், அதாவது முன்னேற மறுபடி நாலு வாய்ப்பு. பறித்த பந்து திரும்ப ரெய்டர்ஸ் கைக்கே போனது.

“பந்து அவங்கையில இருக்குதுங்க மாமா. அதுக்கப்புறம் அந்த மனுசன் எங்கீங்க உழுவான்? அந்தரத்துலயா நிப்பான்?”

“பந்து போனா போவுது மாப்ள, ஆளு போகோணுமா? நூத்தி நாப்பது கிலோ மேல உழுந்தா எலும்பு என்னத்துக்கு ஆவும்?”

மாமா சொல்வதில் நியாயம் உண்டு. 2017 அக்டோபரில் ஆந்தனி பார் மேலே விழுந்து குவாட்டர்பேக் ஆரன் ராஜர்ஸுக்குக் காறை எலும்பு முறிந்தது. அன்று கொடியே விழவில்லை. எடையோடு மேலே விழுவதை 2018 முதல் கறாராகப் பார்க்க ஆரம்பித்ததற்கு அந்த முறிவு ஒரு முக்கியக் காரணம். ஜோன்ஸ் மேல் கொடி விழுவதற்குப் பதினோரு நாள் முன்னால்தான் டால்ஃபின்ஸ் குவாட்டர்பேக் டுவா டாகவைலோவா தலையில் அடிபட்டு மைதானத்தில் விரல்கள் விறைத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். குவாட்டர்பேக்கைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கபடியில்கூட ரைடரின் கழுத்தை நெரித்தாலோ காலால் கத்திரிப் பிடி போட்டாலோ ஃபவுல்தானே.

ஆனால் தடுப்பவனுக்கும் உடம்பு ஒன்றுதான். 2018 செப்டம்பரில் டால்ஃபின்ஸ் அணியின் வில்லியம் ஹேய்ஸ் அதே டெரெக் காரை வீழ்த்தும்போது, தன் எடை அவர்மேல் விழக்கூடாது என்று உடம்பைத் திருப்பினார். முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அந்த சீசன் அவருக்கு அதோடு முடிந்தது. இந்தக் கணக்கை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முழுப் பதிவில் கவனித்துப் பாருங்கள். தலைமை நடுவர் குவாட்டர்பேக்குக்குப் பின்னால், பந்தெறியும் கைப் பக்கமாக நிற்பார். முன்னாலிருந்து வருகிறவன் மேலே விழும்போது கை தரையில் ஊன்றியதா, நெஞ்சு அழுத்தியதா என்பது அங்கிருந்து தெளிவாகத் தெரிய வாய்ப்பில்லை. இதில் விதிப் புத்தகமே, சந்தேகம் இருந்தால் கொடியைப் போடு என்கிறது. சந்தேகத்தின் பலன் முழுக்க ஒரு பக்கத்துக்கே. எதிர்ப்பக்கக் கேமரா அதைக் காட்டுகிறது, திருப்பூரில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது. பயிற்சியாளருக்கோ அதைக் காட்டி முறையிட வழியில்லை. வீடியோவில் பார்க்கலாம் என்று ராம்ஸ் அணி 2023இல் கொண்டுவந்த யோசனையை உரிமையாளர்கள் ஏற்கவில்லை. புரோ கபடியிலேயே அணிக்கு ரிவ்யூ கேட்கும் உரிமை இருக்கிறது!

மாமாவிடம் இதற்கும் பதில் இருக்கிறது. பாஸ் இன்டர்ஃபியரன்ஸை, அதாவது எறிந்த பந்தைப் பிடிக்கப் போகிறவரை இடைஞ்சல் செய்வதை, 2019இல் ரிவ்யூவுக்குக் கொண்டுவந்து, குழப்பம் தாங்காமல் ஒரே சீசனில் கைவிட்டார்களே என்பார். அது உரசலின் அளவை எடைபோடும் விஷயம். ஜோன்ஸ் கையில் பந்து இருந்ததா இல்லையா என்பதற்கு அளவுகோல் எதற்கு? கண் போதும். குறைந்தபட்சம் அந்த மாதிரித் தெளிவான இடங்களிலாவது கொடியைத் திரும்ப எடுக்க விட வேண்டும். அன்று சீஃப்ஸ் 30–29 என்று ஜெயித்ததால் சத்தம் அடங்கியது. முந்தின நாள் பக்கனியர்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடியைக் கீழே இழுத்த ஃபால்கன்ஸ் அணியின் கிரேடி ஜாரெட்டுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கடைசி மூன்று நிமிடத்தில் கொடி விழுந்தது, ஃபால்கன்ஸுக்குப் பந்து திரும்ப வரவே இல்லை, 21–15 என்று தோற்றார்கள்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். வேலை நாளில் 40 நிமிடத் தொகுப்பு ரொம்ப வசதி. தீர்ப்பை அலச வேண்டுமென்றால் முழு ஆட்டத்தைத்தான் போட வேண்டும். நடுவர் மைக்கில் சொல்வதும், நாலா பக்கத்திலிருந்து காட்டும் ரீப்ளேயும் அதில்தான் முழுசாகக் கிடைக்கும். போனில் பார்த்தால் கை ஊன்றியது தெரியாது, டிவியில் போடுங்கள். சூப்பர் பவுல் ஒன்றை மட்டும் பார்க்க நினைப்பவர்கள் வருஷச் சந்தா கட்ட வேண்டியதில்லை. டிஃபென்ஸ் லைனை ரசிக்கிறவர்கள் செப்டம்பர் பிறப்பதற்குள் வாங்கிவிடுங்கள், முதல் வார ஆட்டத்திலிருந்தே பார்க்கலாம்.